கண்ணாடியில் வந்த சின்னவள்

என் வாயாடி மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் அம்மாவின் கோபமும் போன சனிக்கிழமை வரைக்கும் சௌக்கியமாகத்தான் இருந்தது. அதற்கு மேல் அதன் உடம்புக்கு என்ன ஆயிற்று என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே. கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, சோப்பு நுரைக் கையைத் துடைத்துத் துடைத்து எழுதியது. முதலிலிருந்து படி.

"போன்ல கேட்டா பிரமாதம்மா, பிரமாதம்னுதான் சொல்வீங்க. எழுதுங்கப்பா. எழுதும்போது உங்களுக்குப் பொய் வராது" என்று நீ சொன்னது வாஸ்தவம். வாய்க்கு வருகிற பொய் என் கைக்கு வருவதில்லை. பேனாவைப் பிடித்தாலே வாத்தியார் பின்னால் வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது. அதனால் யார் என்ன சொன்னார்களோ அதை அப்படியே எழுதுகிறேன். நல்லதும் இருக்கும், சுருக்கென்று தைப்பதும் இருக்கும். ஜனங்கள் போனில் எழுதித் தள்ளுவதை நடிக்கிறவர்கள் யாரும் பார்க்கக்கூடாது என்று உங்கள் டைரக்டர் உத்தரவு போட்டது நல்ல காரியம். முகம் தெரியாதவன் பேச்சைப் படித்துவிட்டு நீ எதற்குச் சாப்பாட்டைத் தள்ளி வைக்க வேண்டும்? என் கடையில் பேசுகிறவனுக்காவது முகம் இருக்கிறது. அந்த முகமும் என் கையில்தான் இருக்கிறது.

சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். பத்து வருஷமாக டிவியில் 'சாவி எங்கே?' நாடகம் போடுகிற நேரத்தில் நம் சலூனில் உட்கார இடம் கிடைக்காது. வீட்டுக்கு ஒரே ஒரு சாவி, அதைத் தொலைப்பதற்கென்றே ஒரு சின்ன மருமகள். கதை அவ்வளவுதான். ஆனால் அந்தச் சின்னவளைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகவே நினைத்துவிட்ட கூட்டம் இது. அவளாக நடித்தவள் குழந்தை பெற்று விலகிவிட்டாள், அந்த இடத்துக்கு என் மகள் வருகிறாள் என்றால் சந்தோஷப்படுவதா, பயப்படுவதா? உங்கள் டைரக்டர் வேறு, முதல் சில வாரம் பார்ப்போம், ஜனங்கள் ஏற்றுக்கொள்ளாவிட்டால் சின்னவளை வெளிநாட்டுக்கு அனுப்பிக் கதையை முடித்துவிடுவோம் என்று சொல்லியிருக்கிறார். நீ அன்றைக்குப் போனில் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாய். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா?

வெளியே இருக்கிற ஜனங்கள் கிடக்கட்டும், வீட்டுக்குள் ஒரு ஜனம் இருக்கிறதே. பழைய சின்னவளுக்கு இந்த உலகத்தில் உன் அம்மாவை விடப் பெரிய ரசிகை கிடையாது. நீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட செய்தியைச் சொன்னபோது, "அந்தப் பொண்ணு பத்து வருஷம் பாடுபட்ட இடம். அதுல போய் இவ நின்னுக்கிட்டா அது நல்லாவா இருக்கும்?" என்று ஆரம்பித்தவள்தான். அவளாகத்தான் விலகினாள், யாரும் தள்ளவில்லை என்று நான் தொண்டை வற்றச் சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து நீ போன் செய்தால் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போய்விடுகிறாள். "அம்மா ஏத்துக்கிட்டா ஊரே ஏத்துக்கும்ப்பா" என்று நீ சொன்ன வார்த்தை என் மண்டையிலேயே நின்றது. ஊரை ஒரு கை பார்க்கலாம், உன் அம்மாவை என்ன செய்வது?

சரி, கோபித்துக்கொள்ளாமல் அடுத்ததைப் படி. எழுத்தில் பொய் வராது என்று நீ சொல்லிவிட்டாய். அதனால் நான் உண்மையையே முன்கூட்டி ஏற்பாடு செய்தேன். வாடிக்கையாகச் சனிக்கிழமை வருகிறவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து, "என் பொண்ணு வந்ததும் கொஞ்சம் சத்தமா கை தட்டுங்க, நான் அவளுக்கு எழுதணும்" என்று கேட்டுக்கொண்டேன். தட்டுகிறவர்களுக்குத் தலை மசாஜ் இலவசம் என்றும் சொன்னேன். மொட்டைக்குத்தான் ரொம்ப உற்சாகம். உனக்கு அவரை ஞாபகம் இருக்கும், தலையில் ஒரு முடி கிடையாது, மீசை ஒதுக்க வருகிறேன் என்று சொல்லிப் பத்து வருஷமாக டிவி பார்க்க வருகிறவர். "மசாஜ் எனக்குத்தான் சௌகரியம், நடுவுல எதுவும் தடுக்காது" என்று முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

நீதான் சொல்லியிருந்தாயே, இந்த முறை குடும்பம் புது வீட்டுக்குக் குடிபோகிறது, ஹாலுக்கு இரண்டு கதவு, நான் இடது பக்கக் கதவில் வருவேன் என்று. அதை நான் ஒரு பாடம் மாதிரி எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தேன். இடது கதவு திறந்தால் தட்ட வேண்டும். என்னோடு முடி வெட்டுகிற பையன், நாம் 'அவசரம்' என்று கூப்பிடுகிறவன், வேலையில் எப்படியோ அப்படியே இதிலும், விசில் அடித்துப் பார்க்கட்டுமா என்று மத்தியானமே கேட்டுவிட்டான்.

இப்போது நான் செய்த முட்டாள்தனத்தைக் கேள். நம் கடையில் டிவி எங்கே இருக்கிறது? பின்சுவரில், பெஞ்சுக்கு மேலே. நாற்காலியில் இருப்பவன் தலையைத் திருப்பினால் என் கத்தி தவறிவிடும் என்று நான்தான் அங்கே மாட்டினேன். நாற்காலியில் இருப்பவனும் சரி, பெஞ்சில் இருப்பவனும் சரி, எல்லாரும் எதிரே உள்ள கண்ணாடியில்தான் பார்க்கிறோம். கடிகாரம் பின்னோக்கிச் சுற்றும், எழுத்தெல்லாம் புரண்டு கிடக்கும், யாருக்கும் அது ஒரு குறையாகவே பட்டதில்லை.

நிகழ்ச்சி ஆரம்பித்தது. புது வீடு, காலி ஹால். மாமியார் நடுவில் நின்றுகொண்டு சுவரைக் குறை சொல்கிறார். இடது கதவு திறந்தது. மொட்டை எழுந்து நின்று, "வந்துட்டா, நம்ம வீட்டுப் பொண்ணு!" என்று கத்தினார். கடையே இடிந்து விழுகிற மாதிரி கை தட்டல். அவசரம் அடித்த விசிலில் வெளியே போன சைக்கிள்காரர் காலை ஊன்றி நின்றுவிட்டார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்கிறேன். முறுக்கு மீசையும் தோளில் குழாயுமாக ஒரு ஆள் நிற்கிறான். குழாய் ரிப்பேர்காரன்.

அந்த மனுஷனுக்கு வசனம்கூடக் கிடையாது. வந்தான், குழாயை இறக்கினான், போனான். அவன் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு வரவேற்பு அவனுக்குக் கிடைத்திருக்காது. அந்தக் கூச்சலுக்கு நடுவே கண்ணாடியின் வலது பக்கத்தில், நீ எப்போதோ உள்ளே வந்து, எதையோ பேசி முடித்திருந்தாய். கண்ணாடியைப் பார்த்தே கத்தி பிடிக்கிறவன் நான். எனக்கே இடமும் வலமும் மாறும் என்று உறைக்கவில்லை. உன் முதல் வசனத்தை நான் கேட்கவில்லை அம்மா. அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததையும் எழுதித்தான் ஆக வேண்டும். தவறான ஆளுக்குக் கை தட்டிய வெட்கத்தில் எல்லாரும் கம்மென்று ஆகிவிட்டார்கள். நீ பேசுகிறாய், ஒருவரும் சிரிக்கவில்லை. என் நாற்காலியில் ரிட்டயர்டு கண்டக்டர் இருந்தார். சின்ன வயதில் உன்னை டிக்கெட் இல்லாமல் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டவர், உனக்குக் கெட்டது நினைக்கிறவர் இல்லை. அவர் நிதானமாகச் சொன்னார்: "பழையவ சும்மா நின்னாலே சிரிப்பு வரும். இது நல்லா மனப்பாடம் பண்ணியிருக்கு, பாவம்." அந்தப் 'பாவம்'தான் என்னைச் சுட்டது. சலூனில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தப்பிக்க முடியாது, எல்லா முகமும் கண்ணாடியில் இருக்கும். எல்லாரும் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரவர் மடியைப் பார்த்தார்கள். நான் அவருடைய கிருதாவை மட்டும் ஒரு பக்கம் கொஞ்சம் மேலே ஏற்றிவிட்டேன். வேண்டுமென்று இல்லை, கை தானாகப் போய்விட்டது.

அப்புறம் அந்தக் காட்சி வந்தது. எல்லாரும் சாமான் இறக்க வெளியே வந்ததும் கதவு சாத்திக்கொள்கிறது. தெரு நடுவில் சோபா, கட்டில், மாமியார். சாவி வழக்கம் போல உன்னிடம், அதாவது காணவில்லை. நீ கைப்பையை சோபாவில் கவிழ்த்துத் தேடுகிறாய். மாமியார் திட்டத் திட்ட நீ அவருக்குப் பதில் சொல்லாமல், அந்தப் பையைப் பார்த்து ரொம்ப மரியாதையாகக் கேட்டாய்: "மகாராணி எங்கே எழுந்தருளியிருக்கீங்க? குடும்பமே வாசல்ல கை கட்டி நிக்குது. கொஞ்சம் தரிசனம் குடுத்தா உங்க கிரீடம் இறங்கிடுமா?"

கண்டக்டர்தான் முதலில் சிரித்தார். நான் கத்தியைச் சட்டென்று தூக்கினேனோ பிழைத்தாரோ. மொட்டை பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவசரம் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு வாயைத் திறந்து நின்றான். அவன் கை நின்று நான் பார்த்ததே இல்லை. அந்த இடத்தில் சிரிக்கச் சொல்லி நான் யாரிடமும் கேட்கவில்லை, மசாஜும் பேசவில்லை. அவர்களாகச் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடிப்பாவி, இது உன் அம்மா அல்லவா? கரண்டி தொலைந்தாலும் ஊசி தொலைந்தாலும் கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்கிற அதே பேச்சு, அதே இழுப்பு. கோபம் முற்ற முற்ற மரியாதை கூடுமே, அதுகூட அப்படியே. வீட்டிலிருந்து நீ எதை எடுத்துக்கொண்டு போனாய் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனால் சிரிப்பு முடிந்ததும் எனக்கு உடனே பயம் பிடித்துக்கொண்டது. அதே நேரத்தில் வீட்டில் அவளும் பார்த்துக்கொண்டிருப்பாளே. தன்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்தால் தீர்ந்தது கதை, அப்புறம் நீ போன் செய்தால் எடுத்துக் கொடுக்கக்கூட மாட்டாள். கடையை அவசரத்திடம் விட்டுவிட்டு வேகமாக வீட்டுக்கு நடந்தேன்.

(ஒரு ஷேவிங் வந்தது. முடித்துவிட்டு மறுபடி உட்காருகிறேன்.)

வீட்டில் நடந்ததை எனக்குச் சொன்னது மாடிவீட்டுத் தையல்காரம்மா. அவர்தான் உன் அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தவர். நான் படியேறும்போதே இறங்கி வந்து, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினார். ஆரம்பத்தில் உன் அம்மா துணி மடிக்கிற சாக்கில் டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாளாம். நீ உள்ளே வந்ததும், கீழே 'அவருக்குப் பதில் இவர்' என்று எழுத்துப் போட்டார்களாமே, எங்கள் கண்ணாடியில் அது யாருக்குப் புரிந்தது, அதைப் படித்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாளாம். பாத்திரம் கழுவுகிற சத்தம் பலமாகக் கேட்டதாம். தையல்காரம்மாவுக்குச் சங்கடமாகி, சத்தத்தைக் குறைக்கலாமா என்று கேட்டாராம். "வேணாம், இருக்கட்டும்" என்று உள்ளேயிருந்து பதில் வந்ததாம்.

அந்தத் தெருக் காட்சியில் பாத்திரச் சத்தம் நின்றது என்றார். திரும்பிப் பார்த்தால் உன் அம்மா ஈரக் கையோடு கதவருகே நிற்கிறாள். கையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டுகிறது, துடைக்கத் தோன்றவில்லை. சிரிக்கவும் இல்லையாம். கடைசி வரைக்கும் நின்றபடியே பார்த்துவிட்டு, "மாமியார்கிட்ட இவ்ளோ பொறுமை ஆகாது அந்தப் பொண்ணுக்கு. நானா இருந்தா சாவி அங்கதான் இருக்கு, நீங்களே தேடிக்குங்கன்னு சொல்லியிருப்பேன்" என்றாளாம். தையல்காரம்மா, "அந்தப் பொண்ணு அந்தப் பொண்ணுன்னு சொல்றீங்களே, அது உங்க பொண்ணுங்க" என்று சொல்லியிருக்கிறார். அதற்கு உன் அம்மா, "நான் சின்னவளைச் சொல்றேன்" என்றாளாம்.

இதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வது என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. நான் உள்ளே போனேன். சாப்பாடு போட்டாள். நிகழ்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று தட்டைப் பார்த்தே சாப்பிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே கண்டக்டர் கடைக்கு வந்துவிட்டார். வீட்டில் பேரன் பேத்தி எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்த தாத்தா என்று கூப்பிடுகிறார்களாம். கிருதாவைச் சரி செய்துகொண்டே இருக்கும்போது, என்னைப் பார்க்காமல், "மறு ஒளிபரப்பு எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். பார்த்ததையே பார்ப்பானேன் என்றேன். "நேத்து பாதி நேரம் நீங்க கொட்டடிச்சதுல ஒண்ணும் காதுல விழல" என்று சலித்துக்கொண்டார். பிறகு கிளம்பும்போது வாசலில் நின்று, "அந்தக் கிரீடம் இறங்கிடுமான்னு கேக்குதே, அது நல்லாருந்துச்சு. அது மனப்பாடம் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த வார்த்தை வரும் என்று தெரிந்திருந்தால் முதல் நாளே இரண்டு கிருதாவையும் ஒரே உயரத்தில் வைத்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைதான் கடையில் கூட்டம் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் மறு ஒளிபரப்பு நேரத்தில் அவசரத்திடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா டிவி எதிரே உட்கார்ந்திருந்தாள், முதுகைக் காட்டியல்ல. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிரே உட்கார்ந்து நேராக இந்த நிகழ்ச்சியை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கதவு திறந்து நீ வந்தாய். கன்னத்து மச்சம் அதன் இடத்தில் இருந்தது. கடைக் கண்ணாடியில் அது இடம் மாறி, நீ யாரோ மாதிரி தெரிந்தாய், அதுவும் சேர்ந்துதான் எனக்கு முதல் நாள் படபடப்பு. "யாரும் தேட வேணாம், சாவி என்கிட்ட பத்திரமா இருக்கு" என்பதுதானா உன் முதல் வசனம்? கேட்டுவிட்டேன், போதும். நன்றாகச் சொன்னாய் என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். உன் அம்மா என் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, "சும்மா இருங்க, சின்னவ பேசுறா" என்றாள்.

கவனித்தாயா? பழையவள் என்றும் சொல்லவில்லை, புதியவள் என்றும் சொல்லவில்லை.

இதோடு நிறுத்தித் தபாலில் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். நேற்று ஒன்று நடந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். காலையில் நல்ல மழை. உன் அம்மா கடைத்தெருவுக்குக் கிளம்பினாள், குடையைக் காணவில்லை. கதவுக்குப் பின்னால் பார்த்தாள், கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். நான் செய்தித்தாளை மூஞ்சிக்கு நேரே பிடித்துக்கொண்டேன், இல்லாவிட்டால் என்னையும் தேடச் சொல்வாள். கொஞ்ச நேரத்தில் ஆரம்பித்தாள்: "மகாராணி எங்கே எழுந்தருளியிருக்கீங்க? மழை வந்து வாசல்ல காத்துக்கிட்டு நிக்குது, கொஞ்சம் வெளிய வந்தீங்கன்னா புண்ணியமா போகும்." குடை அலமாரி மேலிருந்து கிடைத்தது. கையில் எடுத்தவள் அப்படியே நின்று யோசித்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பாத்தீங்களா, சின்னவ பேசுற மாதிரியே எனக்கும் வருது. ரெண்டு தடவைதான் பாத்தேன், அதுக்குள்ள ஒட்டிக்கிச்சு" என்றாள்.

எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. அடியே, இது உன் சொத்து, உன் மகள் உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போனது என்று சொல்லத் துடித்தேன். அவள் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். இத்தனை வருஷம் கூட இருந்த தன் குரலையே அவள் உன்னுடையது என்று நினைத்துவிட்டாள். இதற்கு மேல் ஒருத்தி எப்படி ஏற்றுக்கொள்வாள்? எந்த டைரக்டரும் உன்னை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, நீ தைரியமாக இரு. ஆனால் நீயும் இதை அவளிடம் சொல்லித் தொலைக்காதே. அவளாகக் கண்டுபிடிக்கட்டும், அல்லது கண்டுபிடிக்காமலே இருக்கட்டும்.

எனக்குக் கொஞ்சம் பொறாமையும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். என்னிடமிருந்து ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லையா நீ? குழாய்க்காரன் வேஷத்துக்காவது என் நடையைக் கொடுத்திருக்கலாம்.

குடையோடு வாசல் வரை போனவள் திரும்பி நின்று, "அந்தப் பொண்ணு இளைச்சுப் போச்சு. வேளைக்குச் சாப்பிடுதோ என்னவோ" என்றாள். சின்னவளைச் சொன்னாளா, உன்னைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கும் பதில் தெரிந்திருக்காது.

வேளைக்குச் சாப்பிடு. படப்பிடிப்பில் விளக்குச் சூட்டில் நிற்கிறவள், தண்ணீர் குடிக்க மறக்காதே. கண்டக்டர், மொட்டை, அவசரம் எல்லாரும் விசாரித்தார்கள். டிவியை எதிர்ச் சுவருக்கு மாற்றலாமா என்று கேட்டதற்கு ஒருவரும் சம்மதிக்கவில்லை, பழகிவிட்டதாம். இனிமேல் நீ எங்களுக்கு வலது கதவில் வருகிறவள்தான்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், செய்வாயா? இந்தக் கடிதம் கிடைத்ததும் வீட்டுக்குப் போன் செய். மத்தியானமாகப் பார்த்துச் செய், அப்போது நான் கடையில் இருப்பேன், எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போக அவளால் முடியாது. மணி அடித்துக்கொண்டே இருக்கும். யாரும் எடுக்கவில்லையே என்று வைத்துவிடாதே அம்மா. அவள் பாத்திரம் கழுவுகிற இடத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வர வேண்டும். கொஞ்ச நேரம் ஆகும். அடிக்கட்டும், விட்டுவிடு.

நீ நன்றாக இருப்பாய்.

உன் அப்பா